ஜூக்பாக்ஸ் கம்பெனி ரைஃபிள் செய்த கதை: மாத்தூர் பட்டறைகளுக்கு அதில் என்ன இருக்கிறது?

1942. அமெரிக்காவின் சிகாகோ நகரம். காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்குப் பேர்போன ராக்-ஓலா கம்பெனி, அந்த நாட்டு ராணுவத்துக்கு ரைஃபிள் செய்து தர ஒப்பந்தம் போட்டது. அது மட்டுமல்ல. டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், அலுவலகக் கணக்கு இயந்திரங்கள் செய்த ஐ.பி.எம்., தபால் முத்திரை இயந்திரங்கள் செய்த நேஷனல் போஸ்டல் மீட்டர், கார் ஸ்டீயரிங் செய்த சாகினா என்று வரிசையாக வந்து நின்றன, துப்பாக்கிக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத கம்பெனிகள்.

எல்லோரும் செய்தது ஒரே துப்பாக்கி: எம்1 கார்பைன் என்ற, எடை குறைந்த ரைஃபிள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள், சுமார் 3 ஆண்டுகளில், 60 லட்சத்துக்கும் மேல் செய்து முடித்தார்கள். நேரடி ஒப்பந்தம் பெற்ற 10 நிறுவனங்களில் பரம்பரைத் துப்பாக்கிக் கம்பெனி என்றால் வின்செஸ்டர் மட்டும்தான்.

சரி, இந்தப் பழைய கதை இப்போ எதுக்கு?

திருச்சி விமான நிலையத்தைத் தாண்டி புதுக்கோட்டை சாலையில் போனால், மாவட்ட எல்லை கடந்ததுமே மாத்தூர். சிட்கோ தொழிற்பேட்டை, ஃபேப்ரிகேஷன் யூனிட்கள், லேத் பட்டறைகள். அங்கிருந்து அதிக தூரம் இல்லாத இடத்தில் மத்திய அரசின் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. 2019 ஜனவரி 20-ம் தேதி தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, சேலத்தோடு திருச்சியும் அதில் ஒரு மையம். அப்படியானால் மாத்தூர் பட்டறையின் சி.என்.சி. மெஷினில் ராணுவ ரைஃபிளுக்குப் பாகம் செய்ய முடியாதா?

மெஷினை மட்டும் பார்த்தால், பல பாகங்களைச் செய்ய முடியும். ஆனால் இதுவரை தனியார் பட்டறைகள் போருக்காகத் துப்பாக்கி செய்த கதைகளைப் புரட்டினால், பட்டறை தடுக்கி விழுந்த இடங்கள் மூன்று: அளவு, சட்டம், போர் முடிந்த மறுநாள்.

பட்டறையில் பிறந்ததுதான் துப்பாக்கி

ராணுவத் துப்பாக்கி என்றாலே பெரிய காம்பவுண்டு சுவருக்குள் அரசு செய்வது என்று நமக்குப் பதிந்துவிட்டது. உண்மையில் அது பிற்பாடு வந்த வழக்கம். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குழல் ஒரு பட்டறை, சுடும் விசை இன்னொரு பட்டறை, மரக்கட்டை வேறொருவர் என்று பிரித்துக்கொடுத்து, கடைசியில் ஒன்றாகப் பூட்டினார்கள். இன்றைய மொழியில் சொன்னால், முழுக்க முழுக்க ஜாப் ஒர்க்.

நெப்போலியனோடு போர் நடந்த 1804 முதல் 1815 வரை பர்மிங்ஹாம் நகரத்துப் பட்டறைகள் மட்டும் பிரிட்டிஷ் அரசுக்கு 17 லட்சத்துக்கும் அதிகமான முழுத் துப்பாக்கிகளைக் கொடுத்தன. லண்டனில் பூட்டுவதற்காக அனுப்பிய குழல்கள் தனிக் கணக்கு. அவை சுமார் 30 லட்சம்.

கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் சிப்பாய்களுக்கான துப்பாக்கிகளை இங்கிலாந்தின் தனியார் துப்பாக்கி வியாபாரிகளிடம்தான் ஆர்டர் கொடுத்து வாங்கியது. 1799-ல் கட்டபொம்மன் புதுக்கோட்டை சமஸ்தானத்து எல்லைக்குள் பிடிபட்ட காலத்தில், கம்பெனிப் படையின் தோளில் தொங்கியவை அப்படி வந்த சரக்கு. 'இந்தியா பேட்டர்ன்' என்று பெயர் பெற்ற அந்த மாடலை, பிரான்ஸோடு போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசே தன் படைக்கு எடுத்துக்கொண்டது. காரணம் எளிது. ராணுவத்தின் சொந்த மாடலைவிட அதைச் சீக்கிரமும் மலிவாகவும் செய்ய முடிந்தது.

ஆக, போர் வந்ததும் தனியாரிடம் ஓடுவது புதிதல்ல. ஓடிய பிறகு என்ன ஆனது என்பதுதான் பாடம்.

முதல் இடறல்: அளவு

அமெரிக்காவில் 1798-ல் ஈலை விட்னி என்பவர் 10,000 துப்பாக்கிகளை 2 ஆண்டுகளில் தருவதாக அரசோடு ஒப்பந்தம் போட்டார். பருத்தியிலிருந்து விதை நீக்கும் இயந்திரத்தால் பெயர் பெற்றவர். அதுவரை ஒரு துப்பாக்கிகூடச் செய்ததில்லை. கடைசித் துப்பாக்கி வந்து சேர்ந்தது 1809-ல். 2 ஆண்டு வேலை 10 ஆண்டைத் தாண்டியது.

140 ஆண்டுகள் கழித்தும் அதே கதை. எம்1 கார்பைன் ஒப்பந்தம் பெற்ற 10 பேரில் இர்வின்-பீடர்சன் என்ற நிறுவனமும் ஒன்று. மரச் சாமான் தொழிலில் இருந்து வந்தவர்கள். சில ஆயிரம் துப்பாக்கிகள் செய்தார்கள். ராணுவப் பரிசோதகர்கள் அதில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. 1943-ல் ஒப்பந்தம் சாகினாவின் கைக்கு மாறியது.

ராக்-ஓலாவால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை? இங்கேதான் 'கேஜ்' வருகிறது.

ஒரு துளையின் விட்டம் சரியா என்று பார்க்க ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. இரண்டு முனைகள் கொண்ட ஒரு கேஜ் இருக்கும். ஒரு முனை 'கோ', துளைக்குள் போக வேண்டும். மறுமுனை 'நோ-கோ', போகவே கூடாது. கோ போகவில்லை என்றால் துளை சின்னது. நோ-கோ போய்விட்டால் துளை பெரிது. இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பாகம் ரிஜெக்ட். இந்த இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம் பல இடங்களில் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

இவ்வளவு கறார் எதற்கு? ஒரு பட்டறையில் செய்த போல்ட், இன்னொரு ஊரில் செய்த பாடிக்குள், மூன்றாவது ஊரில் செய்த பேரலோடு, அரம் தொடாமல் உட்கார வேண்டும். தோட்டா வெடிக்கும் நொடியில் அந்த மூன்றும் சேர்ந்துதான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. இடைவெளி அதிகமானால் தோட்டாவின் உறை கிழிந்து, சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே வாயு பீய்ச்சி அடிக்கும். இடைவெளி குறைந்தால் தோட்டாவை உள்ளே தள்ளி மூடவே முடியாது, எதிரே எதிரி நிற்கும் நேரத்தில்.

எம்1 கார்பைனில் ஒரு கம்பெனியிடம் மிஞ்சிய பாகத்தைப் பாகம் தீர்ந்துபோன இன்னொரு கம்பெனிக்கு லாரியில் ஏற்றி அனுப்பும் ஏற்பாடே இருந்தது. எல்லோர் கையிலும் ஒரே வரைபடம், ஒரே அளவு கேஜ். அதனால்தான் அது முடிந்தது. ஜூக்பாக்ஸிலும் டைப்ரைட்டரிலும் நூற்றுக்கணக்கான சின்ன உலோகப் பாகங்கள் இருக்கும். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் வெட்டி எடுப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. துப்பாக்கி தெரியாது, ஆனால் கேஜ் தெரியும்.

வடிவமைப்பையே மாற்றியவர்கள்

பிரிட்டன் இன்னொரு வழியைப் பிடித்தது. 1940 நவம்பர் 19-ம் தேதி இரவு, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. துப்பாக்கித் தொழிற்சாலை மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்தால் ஒரே இரவில் போய்விடும் என்பது புரிந்தது. உற்பத்தியைப் பல இடங்களுக்குப் பிரித்தார்கள்.

1941-ல் வந்த ஸ்டென் துப்பாக்கி, ரைஃபிள் இல்லை. குறைந்த தூரத்துக்கான இயந்திரத் துப்பாக்கி. சாதாரணப் பட்டறையிலும் செய்ய முடிகிற மாதிரியே அதை வடிவமைத்தார்கள். உருக்குக் குழாய், தகட்டை அழுத்தி எடுத்த பாகங்கள், வெல்டிங். ட்ரை-ஆங் என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பொம்மை விற்ற லைன்ஸ் பிரதர்ஸ் கம்பெனி, ஸ்டென்னின் ஒரு மாடலை மட்டும் 8 லட்சத்துக்கும் மேல் செய்தது. மொத்த ஸ்டென் சுமார் 40 லட்சம்.

அதற்கான விலையையும் சிப்பாய்கள் கொடுத்தார்கள். கீழே விழுந்தால் தானாகச் சுட்டுவிடும், மேகசினில் தோட்டா சிக்கிக்கொள்ளும் என்று ஸ்டென் பற்றிய புகார்கள் போர் முழுக்கத் தொடர்ந்தன. எளிமையாக்கினால் எண்ணிக்கை கூடும். நம்பகத்தன்மையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் எப்போதும் உள்ள இழுபறி.

இந்தியாவில் நடந்தது என்ன?

திருச்சிப் பகுதிக்கு போர்க்கால வேலை அப்போதே அறிமுகம். இரண்டாம் உலகப் போரின்போது பொன்மலை ரயில்வே பணிமனையில் பிரிட்டிஷ் விமானப் படையின் விமானங்கள் பழுது பார்க்கப்பட்டன. ரயில் பெட்டி செய்யும் கை விமானத்தையும் தொட்டது.

ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு ஆயுத உற்பத்தியின் கதவு தனியாருக்கு மூடப்பட்டது. 1948, 1956 ஆண்டுகளின் தொழிற்கொள்கைத் தீர்மானங்கள் இரண்டுமே அதை அரசுக்கு ஒதுக்கின. 1962-ல் சீனாவோடு போர் வந்தபோது இந்தியச் சிப்பாயின் கையில் இருந்தது, ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டிய .303 ரைஃபிள். அந்த ஆண்டு நவம்பரிலேயே பாதுகாப்பு உற்பத்திக்குத் தனித் துறை வந்தது. 1965-ல் பாகிஸ்தானோடு போர் முடிந்த கையோடு, நவம்பரில் இன்னொரு துறை உருவானது: பாதுகாப்புச் சப்ளை துறை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் பொருட்களை உள்நாட்டிலேயே செய்யவைப்பது அதன் வேலை.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஆண்டு 1966. அதாவது நம் ஊர்க்காரர்கள் பேருந்து நிறுத்தமாகவும் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டமாகவும் பார்த்த அந்தத் தொழிற்சாலை, இரண்டு போர்களின் நிழலில் பிறந்தது. இன்சாஸ் ரைஃபிள், 12.7 மி.மீ. கனரக இயந்திரத் துப்பாக்கி, கையெறி குண்டு ஏவும் லாஞ்சர், மாநிலக் காவல் துறைகளும் மத்தியப் படைகளும் வாங்கும் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என எல்லாம் அங்கே தயாரானவை.

2001 மே மாதம் பாதுகாப்பு உற்பத்தி தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2021 அக்டோபர் 1-ல் படைக்கலத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு 7 நிறுவனங்களாகப் பிரிந்தது. திருச்சி தொழிற்சாலை இப்போது 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா' நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. துறையாக இருந்தது கம்பெனியாகிவிட்டது. ஆர்டருக்காக அதுவும் இனி போட்டி போட வேண்டும். தனியாரும் அதே சந்தையில் நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் ரஷ்யாவோடு கையெழுத்தான ஏ.கே.-203 ஒப்பந்தத்தின் அளவு 6,01,427 ரைஃபிள்கள். அது செய்யப்படுவது உத்தரப் பிரதேசத்தின் அமேதியில்.

மாத்தூரில் எது முடியும், எது முடியாது?

மாத்தூர், துவாக்குடி பகுதிப் பட்டறைகள் வளர்ந்தது திருவெறும்பூர் 'பெல்' நிறுவனத்தை நம்பி. அங்கே வேலை என்றால் பாய்லருக்கான இரும்புக் கட்டுமானம். கணக்கு டன்னில். கட் பண்ணு, வளை, வெல்டு பண்ணு. இந்தத் திறமை லேசுப்பட்டதல்ல, ஆனால் ரைஃபிள் கணக்கு கிராமிலும் மைக்ரானிலும் போகிறது. ஃபேப்ரிகேஷன் யூனிட் ஒன்று நேராக ரைஃபிள் போல்ட்டுக்குத் தாவ முடியாது. பீரங்கி வண்டியின் சட்டம், வெடிபொருள் பெட்டி, ஆயுதங்களைப் பொருத்தும் ஸ்டாண்ட், தொழிற்சாலைக்கான ஜிக், ஃபிக்ஸ்சர் போன்ற வேலைகள் அதன் கைக்கு நெருக்கமானவை.

சி.என்.சி. டர்னிங், மில்லிங் செய்யும் பட்டறைகள் நிலை வேறு. பின், ஸ்பிரிங் கைடு, சைட் பாகங்கள், ட்ரிக்கர் அமைப்பின் சிறு துண்டுகள் என ரைஃபிளின் கணிசமான பாகங்கள் துல்லிய மெஷினிங் வேலைதான். இங்கேயும் மெஷினைவிட முக்கியம் அதற்கு முன்னும் பின்னும் நடப்பது. சொன்ன தரத்து உருக்குதான் வந்ததா என்ற சான்று, ஹீட் ட்ரீட்மென்ட், துரு பிடிக்காத மேல்பூச்சு, ஒவ்வொரு லாட்டுக்கும் அளவுப் பதிவு. ஒரு பின் உடைந்தால் அது எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த உருக்குத் துண்டில் இருந்து வந்தது என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

பேரல் மட்டும் தனி உலகம். உள்ளே திருகு வடிவில் வரிகள் போட வேண்டும். வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு அதைச் சோதிப்பார்கள். அதற்கான ஃபோர்ஜிங் மெஷினை வாங்கும் செலவு சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாம் இடறல்: சட்டம்

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 'ஆயுதம்' என்றால் முழுத் துப்பாக்கி மட்டும் இல்லை. அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. உரிமம் இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம்.

'பெரிய கம்பெனிக்குத்தானே செய்யறோம், அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கே' என்ற வாய்வார்த்தையை நம்பி வேலையைத் தொடங்குவது ஆபத்து. எந்தப் பாகத்துக்கு யாருடைய உரிமம், எத்தனை எண்ணிக்கை, ரிஜெக்ட் ஆன துண்டுகளை எப்படி அழிப்பது, வரைபடம் யார் கைக்குப் போகலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரிஜெக்ட் ஆன பாகம் காயலான் கடைக்குப் போனால் அது வெறும் ஸ்கிராப் அல்ல, வழக்கு.

மூன்றாம் இடறல்: போர் முடிந்த மறுநாள்

எம்1 கார்பைன் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இது. போர் முடிந்தது 1945-ல். ஆனால் 1944-லேயே கையிருப்பு போதும் என்று ராணுவம் முடிவு செய்துவிட்டது. ஒவ்வொரு ஒப்பந்தமாக நின்றது. கடைசியில் உற்பத்தியில் இருந்தவை இன்லண்ட், வின்செஸ்டர் இரண்டு மட்டும். ராக்-ஓலா திரும்பவும் ஜூக்பாக்ஸுக்கே போனது. போக அதற்கு ஒரு தொழில் இருந்தது. அதுதான் அதைக் காப்பாற்றியது.

மாத்தூருக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை. 2010-களில் புதிய அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்ததும், 'பெல்' ஒன்றையே நம்பியிருந்த யூனிட்கள் திணறின. பல ஷெட்கள் மூடப்பட்டன, வங்கிக் கடன் வாராக்கடனானது, வெல்டர்களும் ஃபிட்டர்களும் வேறு ஊருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். ஒரே வாடிக்கையாளர் என்பது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்பதை இந்த வட்டாரம் பட்டுத் தெரிந்துகொண்டது. பாதுகாப்புத் துறையில் அந்த ரிஸ்க் இன்னும் கூடுதல். துப்பாக்கி வாங்குபவர் அரசு மட்டுமே. அடுத்த ஆர்டர் எப்போது என்பதை டெல்லி தீர்மானிக்கும்.

அப்படியானால் வேண்டாமா?

அப்படியும் இல்லை. உள்ளே போவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். பாதுகாப்புப் பொதுத் துறை நிறுவனங்கள் உள்நாட்டில் செய்யவைக்க விரும்பும் பொருட்களின் பட்டியல் 2020-ல் தொடங்கிய 'ஸ்ரீஜன்' இணையதளத்தில் இருக்கிறது. மத்தியப் பொதுத் துறை நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. குறு, சிறு நிறுவனத்துக்கான பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு சட்டம். தாமதமானால் வங்கி விகிதத்தைப்போல 3 மடங்கு கூட்டு வட்டி. இந்த உரிமைகளைக் கேட்க, உத்யம் பதிவு கையில் இருக்க வேண்டும்.

மெஷினுக்குக் கடன் வாங்கும் முன் ஒரு பட்டறை உரிமையாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்:

• ஆர்டர் எத்தனை ஆண்டுக்கு? குறைந்தபட்ச எண்ணிக்கை எழுத்தில் உண்டா?

• கேஜ் யாருடையது? அதைச் சரிபார்த்துச் சான்று தரும் செலவு யாருக்கு?

• உருக்கை அவர்கள் தருவார்களா, நாம் வாங்க வேண்டுமா? லாட் ரிஜெக்ட் ஆனால் நஷ்டம் யார் தலையில்?

• உரிமம், போலீஸ் சரிபார்ப்பு, பாதுகாப்பான ஸ்டோர் ரூம் ஆகியவற்றின் செலவு விலையில் சேர்ந்திருக்கிறதா?

• ஆர்டர் நின்றால், இதே மெஷினில் பம்ப், ஆட்டோமொபைல், மருத்துவக் கருவி வேலை ஓடுமா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. கேஜ் பிடித்து அளக்கும் பழக்கம், லாட் வாரியாகப் பதிவு எழுதும் பழக்கம், ஹீட் ட்ரீட்மென்ட் சான்று கேட்கும் பழக்கம் ஆகியவை துப்பாக்கி ஆர்டரோடு போய்விடாது. விமான பாகம், அறுவை சிகிச்சைக் கருவி, மின்சார வாகனம் என எதற்குப் போனாலும் அதே ஒழுங்கைத்தான் கேட்பார்கள். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள ரைஃபிள் பாகம் ஒரு வாய்ப்பு என்றால், மாத்தூர் துணிந்து இறங்கலாம். அந்த ஒரு ஆர்டரை நம்பி மட்டுமே புது ஷெட் போடுவது என்றால், பூட்டிக் கிடக்கும் பக்கத்து ஷெட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.